கல்வர்ட்டுல இப்ப தண்ணி நிக்கிறதில்ல

ஏணியிலேர்ந்து எறங்கு ஷங்கர், அந்த வீடு விக்கிற போர்டு எங்கயும் ஓடிப் போயிடாது. அப்பறமா கட்டிக்கலாம்லா. மொதல்ல இங்க வா, இந்தக் கல்வர்ட்ட குனிஞ்சி பாரு. ஏன் மூக்கப் பொத்துற? ஒன்னும் நாறாது, காலைலதான் வாரி விட்டேன். ரோட்டுக்கு அடியில அந்தப் பக்கத்து வெளிச்சம் தெரியுதுல்ல? பத்து பெரண்டாம் ஊருலயே இப்பிடி ஒரு கல்வர்ட்ட நீ பாக்க முடியாது.

பேக்டரிலேர்ந்து ரிட்டையர் ஆனதுலேர்ந்து தெனம் காலைல இதான் வேல. ஒரு மம்பட்டி, ஒரு இரும்புக் கொக்கி. கல்வர்ட்டு வாய்ல இருக்குற கம்பி வலையும் நானே அடிச்சதுதான். மேல தாமான் வீடுங்கள்லேர்ந்து என்னென்ன வருதுங்கிற? கொழந்த பம்பர்ஸ், தேங்கா மட்ட, ஹெல்மெட்டு. ஒருநாள் ரைஸ் குக்கர் வந்துச்சி, மூடியோட. கழுவிக் குடுங்க, ஓடுதான்னு பாப்போம்ங்கிறா ஒங்க அத்த. கொழுப்பு அவளுக்கு. அடுத்த ரோட்டு அம்மா ஒன்னு, என்னை முனிசிபல் மஜ்லிஸ் ஆளுன்னு நெனச்சிக்கிட்டு, தெரு லைட்டு எரியலன்னு எங்கிட்ட கம்ப்ளெய்ன் குடுத்துட்டுப் போகுது. நானும் சரி மேடம், பாக்குறோம்னுட்டேன்.

சிரி, சிரி. வீரப்பன் மாமாவுக்கு வேற வேல இல்லன்னு நெனச்சிக்க. ஆனா நான் சொல்றதக் கேளு. போன வருசம் மாதிரி ஒங்க வீட்டுக்குள்ள இனிமே தண்ணி வராது. இந்த தடவ கொட்டுன மழைக்கு ஒங்க வாசப்படிகூட நனையல. பின்ன எதுக்கு விக்கிற? ஒங்கப்பா செர்காம்ல ஒங்கக்கா வீட்டு ரூம்புல ஒக்காந்துக்கிட்டு என்ன பண்றாரு? இருவத்தெட்டு வருசம் பக்கத்து வீட்டுல இருந்த மனுசன். அவரு இல்லாம எனக்கு ஒரு கோப்பி ஒழுங்கா எறங்க மாட்டேங்குது. கூட்டிட்டு வந்துடு ஷங்கர்.

தண்ணிக்குப் பயந்துதான் வர மாட்டேங்குறாரா? அவரு அப்பிடித்தான் சொல்வாரு. ஒங்கம்மா போட்டோ எல்லாம் அன்னிக்கு ஊறிப் போச்சே, தெரியாமயா இருக்கும் எனக்கு. நான்தான் ஒன்னு ஒன்னா வெயில்ல பரப்புனேன். ஒங்கம்மா மொகம் ஒன்னுலயும் தேறல.

மேலேர்ந்து சம்பா, குப்ப எல்லாம் வந்து அடைச்சிச்சின்னு சொன்னாரா? ம்ம். மஜ்லிஸ் ஆளு வந்து கேட்டப்பயும் அதத்தான் சொன்னாரு.

நீ அப்ப கேஎல் டவுன்ல இருந்த. எம் பொண்ணு தேவிஸ்ரீ கல்யாணம் முடிஞ்சி மூணாம் நாள், கேட்டுல கட்டுன வாழ மரம் ரெண்டையும் அவுத்தேன். மங்கலமா நின்ன மரம், தோங்குல போடாதீங்கன்னு ஒங்க அத்த சொன்னா. எனக்கும் அது சரின்னு பட்டுச்சி. குப்பத் தொட்டில எப்பிடிப் போடுறது, ஓடுற தண்ணிலதான விடணும்? ஆத்துக்கு யாரு தூக்கிட்டுப் போவா, வாசல்லயே இந்தக் கல்வர்ட்டுக்குப் போற பெரிய லொங்காங் ஓடுதேன்னு அதுல விட்டேன். கையெடுத்து வேற கும்புட்டேன். மத்தியானம் மழ புடிச்சிக்கிச்சி.

ஒங்க வீடு பள்ளம், மொதல்ல அங்கதான் ஏறுச்சி. நானும் ஒங்கப்பாவும் இடுப்பளவு தண்ணில எறங்கி, கல்வர்ட்டு வாய்ல அடைச்சிருந்தத இழுத்தோம். வாழ மரம் வந்துச்சி. மாவெலத் தோரணம் இன்னும் அதுல சுத்தியிருக்கு. ஒங்கப்பா அதப் பாத்தாரு, என்னையப் பாத்தாரு. தோரணத்த உருவி சாரோங் மடிப்புல சொருவிக்கிட்டாரு. அப்பதான் மஜ்லிஸ் ஆளு வந்தான். கல்யாண வீட்டு மேல பேச்சு வந்துடக் கூடாதுன்னு நெனச்சிருப்பாரு.

அடுத்த மாசம் கெளம்பிட்டாரு. நான் ஒத்த வார்த்த மன்னிப்பு கேக்கல, வெக்கமா போச்சி. இந்தப் பாழாப்போன வாய்தான் ஊரெல்லாம் பேசுது, அவருகிட்ட மட்டும் வரல.

திட்டணும்னா திட்டு, நின்னு வாங்கிக்கிறேன். ஆனா மொதல்ல அவருக்கு ஒரு போன் அடி. நான் கூப்புட்டா எடுக்க மாட்டேங்குறாரு, ஒன் நம்பர்னா எடுப்பாரு. நீ ஒன்னும் பேசாத. அடிச்சி எங்கிட்ட குடு.