வெள்ளிக்கிழமை விரதம் இருந்த போன்

ஈப்போவிலிருந்து கோப்பெங் போகும் பஸ்ஸில், எனக்கு முன்சீட்டில் இரண்டு பெண்கள்.

"வெள்ளிக்கிழமை நானும் விரதம், என் போனும் விரதம்லா," என்றார் மூத்தவர்.

"மகளுக்குத் தைப்பிங்ல பிரசவ வலின்னீங்க. மருமகன் கூப்பிடுவாரே! ரெண்டு பர்சன்ட்தான் இருக்குக்கா. இந்தாங்க, பவர்பேங்க்."

"வேணாம். வாரம் ஒருநாள் முழுசா காலியாகணும். அப்பதான் பேட்டரி உழைக்கும்."

"அது பழைய போனுக்குக்கா. இப்ப உள்ளது காலியானாத்தான் கெட்டுப்போகும்."

"அப்ப இவ்வளவு நாளா நான் பட்டினி போட்டது?"

"கெடுத்து வச்சிருக்கீங்க."

"போன் வித்த கடைக்காரன் ஒண்ணு சொல்றான், நீ ஒண்ணு சொல்ற. யாரத்தான் நம்புறது?"

போன் அடித்தது.

"மாப்பிள்ள, பொறந்திருச்சா? என்ன புள்ள?"

பதில் வருமுன் போன் அணைந்துவிட்டது. சற்று நேரம் அதைக் காதிலேயே வைத்திருந்தார். பிறகு கையை நீட்டினார்.

"அந்த வயரக் கொடு. விரதம் முடிஞ்சிருச்சு."