அணையில் நடந்த கடல் மீட்பு ஒத்திகை

தேனியில் கடல் கிடையாது என்பது எனக்கும் தெரியும், இன்ஸ்பெக்டர். வைகை அணையில் அலை இல்லை, அதனால் விருந்தினர் யாருக்கும் வாந்தி வராது என்று விளக்கினேன். ஐந்து நாட்டு அதிகாரிகளும் அதை முக்கியமான பாதுகாப்பு அம்சமாகக் குறித்துக்கொண்டார்கள்.

'பிராந்தியக் கடல்சார் பாதுகாப்புத் திறன் மேம்பாட்டு ஒத்துழைப்பு முகாம்.' பேனர் கட்டவே மூன்று மரம் தேவைப்பட்டது. நான்கு ஆண்டுகளாக நான்தான் உள்ளூர் ஒருங்கிணைப்பாளர். மற்ற நாளெல்லாம் அல்லிநகரத்தில் என் கதவைத் தட்டுவது சிலிண்டர் போடுபவர் மட்டும். முகாம் நடக்கும் மூன்று நாளும், "மிஸ்டர் சுருளியாண்டி, சாப்பிட்டீர்களா?" என்று ஐந்து நாடும் கேட்கும். சாப்பிட்டிருந்தாலும் இல்லை என்பேன். உடனே பக்கத்தில் ஒரு நாற்காலி போடுவார்கள்.

கடைசி நாள், கடலில் தத்தளிப்பவரை மீட்கும் ஒத்திகை. தத்தளிக்க அழகுமலையைப் பிடித்தேன். அணையில் பரிசல் போட்டு மீன் பிடிப்பவர். விதி இதுதான்: ஐந்து நாடும் வாக்கிடாக்கியில் வரிசையாகத் தகவலை வாங்கி அடுத்தவருக்குச் சொன்ன பிறகே படகு கிளம்ப வேண்டும். சென்ற ஆண்டு யாரோ அவசரப்பட்டுப் படகை எடுத்து, ஒன்றரை நிமிடத்தில் ஆளைக் காப்பாற்றிவிட்டார்கள். 'ஒத்துழைப்பு போதவில்லை' என்று அறிக்கை வந்தது. இந்த முறையும் ஒத்திகை முழுதாக நடக்காவிட்டால் முகாம் கொச்சிக்குப் போய்விடும் என்று கடிதமும் வந்தது. ஒத்திகையை நிறுத்திப் படகை உடனே அனுப்பும் விசில் என் கழுத்தில் இருந்தது.

அழகுமலை குதித்துக் கையை அடித்தார். இரண்டாவது நாடு பேசிக்கொண்டிருந்தபோது அவர் குரல் மாறியது. இந்த ஆண்டு நீர் குறைவு. அடியில் பழைய கருவேலங்கட்டைகள் கிடக்கின்றன.

"அண்ணே, காலு கட்டையில மாட்டிக்கிருச்சு. நடிப்பில்லண்ணே."

கரையில் அவர் மனைவி வேல்விழி சிரித்தாள். "சினிமாவுக்கே போயிருவாக போல." அடுத்த நொடி ஓடிவந்து என் சட்டையைப் பிடித்தாள்.

"அண்ணே, அவுக நெசமாத்தான் முங்குறாக. ஊதுங்கண்ணே."

"இரு தாயி, மூணாவது நாடு பேசிக்கிட்டிருக்கு."

என்ன கத்துகிறார் என்று அந்த மூன்றாவது நாட்டு அதிகாரி கேட்டார். வசனம், நாங்கள் எழுதிக்கொடுத்தது என்றேன். அவர் கைதட்டினார். நான்காவது நாட்டுக்குப் பேட்டரி தீர்ந்துபோயிற்று. மாற்றினார்கள். அவசரமின்றி, முறைப்படி.

படகு போய்ச் சேர்ந்தபோது தண்ணீர் அமைதியாக இருந்தது.

ஐந்து நாடும் தலை குனிந்து நின்றது. ஒருவர் என் தோளில் கை போட்டு வெகுநேரம் எடுக்கவில்லை. அப்படி யாரும் கை போட்டு எத்தனை வருஷம் ஆயிற்று என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

உள்ளங்கையில் இருக்கும் இந்தக் கீறல் வேல்விழியின் நகம். விசிலைப் பிடுங்க வந்தாள், நான் இறுக மூடிக்கொண்டேன். அழகுமலை சொன்னது முதல் தடவையே எனக்குப் புரிந்தது. ஊதியிருந்தால் பிழைத்திருப்பார். கொலை என்று எழுதுவது உங்கள் விருப்பம். அவரை நான் தொடக்கூட இல்லை.

அறிக்கையில் ஒத்துழைப்புக்கு முழு மதிப்பெண். கார் ஏறும்போது ஐந்து பேருமே என்னிடம், அடுத்த வருஷம் பார்ப்போம் என்றுதான் சொன்னார்கள்.