விழுந்து விழுந்து எழும் கம்ப்யூட்டர்

நவமணி: அதோ! பாத்தீங்களா... மறுபடியும் அணைஞ்சு, அதுவாவே எரியுது.

அமிர்தலிங்கம்: எதையும் தொடாதீங்க. நீங்க அடிச்சு வெச்ச தேயிலைக் கொழுந்துக் கணக்கு என்னாச்சு?

நவமணி: போச்சுங்க. அரை நாள் வேலை...

தங்கையா: ஈப்போ டவுன்லேருந்து ரிப்பேருக்கு வந்த தம்பி, நான் சொல்றேன் கேளு. இருபது வருஷமா இந்தத் தோட்ட ஆபீஸ்ல தேத்தண்ணி ஊத்துறேன். இப்படி ஒரு சாமான் பாத்ததில்ல. மடியில வைக்கிற கம்ப்யூட்டராம்! மடியில வெச்சா தொடையெலும்பு மாவாயிடும். நேத்து இது விழுந்து எந்திரிச்ச சத்தத்துல பிரிஞ்சாங் மார்க்கெட்டுல முட்டைக்கோசெல்லாம் உருண்டுச்சு லா!

அமிர்தலிங்கம்: கொஞ்சம் சும்மா இருங்கண்ணே... நவமணி, இது யூனிக்ஸ் வகை. தன் கோளாறால விழுந்தா, ஏன் விழுறேன்னு திரையில புலம்பிட்டுத்தான் விழும். இங்க ஒரு புலம்பலும் இல்ல.

நவமணி: அப்படின்னா?

அமிர்தலிங்கம்: புரோகிராம் மேல தப்பில்ல. கரண்ட்டு அறுந்திருக்கணும், இல்ல... சூடு ஏறியிருக்கணும்.

தங்கையா: சூடா! கேமரன் மலையிலயா! காலையில என் பல்செட்டு கிளாஸ்ல ஐஸோட ஒட்டிக்கிட்டு வரமாட்டேன்னுச்சு!

அமிர்தலிங்கம்: கரண்ட்டைப் போன தடவையே பாத்துட்டேன். பேக்டரி மெஷின் ஓடும்போதுகூட லைட்டு அசையல. மெமரி கார்டையும் மாத்தியாச்சு.

நவமணி: அப்ப இன்னிக்கும்... கண்டுபிடிக்க முடியாதுங்களா?

அமிர்தலிங்கம்: கண்டுபிடிச்சே ஆகணும். இன்னிக்குச் சரியாகலைன்னா மெஷினைக் கோலாலம்பூருக்கே திருப்பி அனுப்பிருவேன்னு துரை சொல்லிட்டார். அப்புறம் எனக்கு இந்த மலையில வேலை இல்ல.

நவமணி: சரியாயிட்டா?

அமிர்தலிங்கம்: சரியாயிட்டாலும்... வேலை இல்ல.

தங்கையா: அடப்பாவமே. மலையேறி வர்ற தாப்பா ரோடு மாதிரி, எந்தப் பக்கம் ஒடிச்சாலும் பள்ளம்.

அமிர்தலிங்கம்: இதோட முதுகைத் தொட்டுப் பாருங்க, இட்லிச்சட்டி மாதிரி கொதிக்குது. ஆமா... மேசைக்குக் கீழ என்ன அது?

நவமணி: அது... சிவப்புக் கம்பளிச் சால்வைங்க. தங்கையாண்ணனோடது...

தங்கையா: என் தலையில கட்டாத புள்ள! நீ பின்னினது. தம்பி, நீ ஏறி வர்ற சத்தம் கேட்டதும் இந்தப் புள்ளதான் மெஷின் மேலேருந்து உருவி ஒளிச்சுது!

நவமணி: பனி இறங்குதுல்ல... மெஷினுக்கும் குளிருமேன்னு போத்திவிட்டேன்.

அமிர்தலிங்கம்: அது மூச்சு விடுற ஓட்டையே முதுகுலதான் இருக்கு! சூடு வெளிய போக வழியில்லாம, கொதிச்சு விழுது. ஆறினதும் எந்திரிக்குது. அவ்வளவுதான்.

தங்கையா: அவ்வளவுதானா? பேயே இல்லையா? இதுக்குச் சுத்திப்போட்ட எலுமிச்சம்பழத்துக்கு ரெண்டு லோரி பத்தாது லா!

அமிர்தலிங்கம்: இனிமே போத்தாதீங்க. விழாது. நானும்... வரவேண்டியிருக்காது.

நவமணி: ம்.

தங்கையா: என்ன 'ம்'? ரெண்டு பேரு வாயிலயும் கொழுக்கட்டையா?

அமிர்தலிங்கம்: அண்ணே, மெஷின் சரியாயிடுச்சுன்னு துரைகிட்ட சொல்லிட்டு வாங்களேன்.

தங்கையா: போறேன், போறேன். நான் நடக்குற நடைக்கு, திரும்பி வர்றதுக்குள்ள உங்களுக்குப் பேரப்புள்ளையே பொறந்துரும்...

அமிர்தலிங்கம்: போயிட்டாரா?

நவமணி: கதவுக்குப் பின்னால நிக்கிறார்.

தங்கையா: இல்ல, இல்ல! போயிட்டேன்!

அமிர்தலிங்கம்: நவமணி... மெஷினை இறக்கின அன்னிக்கே சொன்னேன், மேல ஒரு துணியும் படக்கூடாதுன்னு. மறந்துட்டீங்களா?

நவமணி: மறக்கலைங்க.

அமிர்தலிங்கம்: பின்ன ஏன் போத்தினீங்க?

நவமணி: மொத தடவை ரிப்பேருக்கு வந்தப்பவே, மெஷின் காத்தாடியில சிக்கியிருந்த சிவப்பு நூலை உருவி எடுத்தீங்களே... அதைத் துரைகிட்ட காட்டாம சட்டைப்பையில போட்டுக்கிட்டு, "காரணம் தெரியல, அடுத்த வாரம் வர்றேன்"னு நீங்க ஏன் சொன்னீங்க?