எம்பத்தினாலு

இல்லக்கா, உங்கள ஒண்ணும் பாக்கல. உங்க காலுக்குக் கீழ, பெஞ்சுக்கு அடியில படுத்திருக்கு பாருங்க, அந்த நாயத்தான் பாத்துக்கிட்டிருந்தேன். வயிறு ஏறி எறங்குதுல்ல, அத. நிமிசத்துக்கு இருவத்திரெண்டு. நாய்க்கு அது சரிதான். நல்லாத் தூங்குது, பாவம்.

ஆமா, எண்ணுவேன். எப்பிடியோ பழக்கமாப் போச்சு. பஸ்ல வரும்போது ஒருத்தரு ஆட்டுக்குட்டியக் கால் இடுக்குல அமுக்கிக்கிட்டு நின்னாரு, அதையும் எண்ணிக்கிட்டேதான் வந்தேன். வீட்டுச் செவத்துல பல்லி ஒட்டிக்கிட்டு இருக்கும்ல, அதுக்குத் தொண்டதான் துடிக்கும், நம்ம கண்ணு அதுக்கு ஈடு குடுக்காது. மார்க்கெட்டுல மீனு உசுரோட அண்டாவுல கெடக்கும். அதுக்குச் செவுளு தொறந்து தொறந்து மூடும். தண்ணிக்குள்ளயே கெடந்தாலும் அதுக்கும் மூச்சு வேணும்ல. வெட்டுறதுக்குத் தூக்கி வெளிய போட்டாகன்னா செவுளு இன்னும் வெரசாத் தொறக்கும். நான் மீனு வாங்காமயே வந்துட்டேன்.

டோக்கனா? எனக்கு நாப்பத்தொண்ணு. நான் இந்தக் கதவு, நெஞ்சு பாக்குற எடம். நீங்க எதுத்த கதவுல்ல, பிள்ளைக பாக்குறது. அம்பத்தியேழா? இப்பத்தான முப்பத ஒட்டிக் கூப்புட்டாக. நேரமாகும்க்கா.

எனக்கு இளைப்புதான். நாலு படி ஏறுனா நின்னு வாங்கணும். நெஞ்சுப் படம் எடுத்துட்டு வரச் சொன்னாக, இந்தா, இந்தக் கவர்ல இருக்கு. போடிப் பக்கம் இலவம்பஞ்சு குடோன்ல மூணு வருசம் வேலை பாத்தேன். பங்குனி, சித்திரையில மூட்ட மூட்டையாக் காய் வந்து எறங்கும். காய ஒடச்சு, பஞ்சத் தனியா, கொட்டையத் தனியாப் பிரிக்கணும். ஃபேன் போடக்கூடாது, ஜன்னலத் தொறக்கக்கூடாது. பஞ்சு பறந்துரும்ல. வாயில துணியக் கட்டிக்கிட்டு உக்காந்துருப்போம். சாயங்காலம் வீட்டுக்குப் போயி மூக்கச் சிந்துனா வெள்ளையா வரும். நீங்க தலகாணியில கன்னத்த வச்சு மெத்துன்னு தூங்குவீகள்ல, அது நாங்க ஒடச்சதா இருக்கும்.

இப்பப் போறதில்ல. சித்திரைக்குப் பெறகு போகல.

எனக்கா? ஒரு பையன். தவசின்னு பேரு, அவுக தாத்தா பேரு. ஊர்லதான் இருக்கான். குடோன்லயே தொட்டில் கட்டிப் போட்டுக்கிருவேன். மேல விட்டத்துல பழைய சேலையக் கட்டி, உள்ள அவன். வேற யாரு பாத்துக்கிருவாக, அத்தையும் அங்கனதான வேலை பாக்குறாக. தொட்டில விலக்கிப் பாத்தா கண்ணு ரெப்பையில எல்லாம் பஞ்சு ஒட்டியிருக்கும், கெழவன் மாதிரி. எல்லாரும் கூப்புட்டுக் காட்டிச் சிரிப்போம்.

உங்க பிள்ளைக்கு என்னக்கா? சளிதானா. எத்தன மாசம்? ஏழா. நல்லா இறுக்கித் துண்டப் போத்தியிருக்கீக. பாலு குடிக்குதா? காலையில இருந்தா குடிக்கல?

அக்கா, ஒண்ணு கேப்பேன், தப்பா நெனைக்கக் கூடாது. அந்தத் துண்ட விலக்கி, சட்டைய மட்டும் கொஞ்சம் தூக்குறீகளா? வயித்தப் பாத்துட்டுக் குடுத்துர்றேன்.

சரி சரி, வேணாம். முன்னப்பின்ன தெரியாதவகிட்டப் பிள்ள வயித்தத் தொறந்து காட்ட யாருக்குத்தான் மனசு வரும். எங்க அத்தையா இருந்தா இந்நேரம் எந்திரிச்சு அடுத்த பெஞ்சுக்குப் போயிருப்பாக. கண்ணு வைக்கிற ஆளு இல்லக்கா நானு. நான் இப்பிடி அடுத்த ஆள்கிட்டப் பேசுற ஆளே இல்ல. கடையில ஒரு தீப்பெட்டி வாங்கப் போனாக் கூட, எல்லாருக்கும் குடுத்துட்டு, உனக்கென்னம்மா வேணும்னு கடைக்காரரு கேக்குற வரைக்கும் ஓரமா நிப்பேன். அஞ்சாப்போட நிறுத்திட்டாக, அதுனால நாலு பேரு முன்னாடி எதச் சொன்னாலும் தப்பா இருக்குமோன்னு பயம். இன்னைக்கு ஏன் வாய் ஓயாமப் பேசுறேன்னு எனக்கே தெரியல.

ஏன் எண்ணுறேன்னு சொல்றேன், கேளுங்க. தவசிக்கு ஆறு மாசத்துல இழுப்பு வந்துச்சு. மூஞ்சியில மூடி மாதிரி ஒண்ண வச்சு மருந்தப் புகையா விடுவாகள்ல, அப்பிடிப் புகை வச்சு அனுப்புனாக. எங்க ஊருக்கு ஊசி போட ஞானபாக்கியம் சிஸ்டர்னு ஒருத்தவுக வருவாக. தங்கமான மனுசி. அவுகதான் சொல்லிக் குடுத்தாக. பிள்ள அழுகாம இருக்கும்போது சட்டையத் தூக்கிட்டு, ஒரு நிமிசம் முழுசா வயித்தப் பாத்து மூச்ச எண்ணு, அம்பதத் தொட்டுச்சுன்னா யாரையும் கேக்காத, தூக்கிட்டு ஓடுன்னாக.

ஒரு நா தொட்டில்ல விசிலு மாதிரி ஒரு சத்தம். போய்ச் சட்டையத் தூக்கிட்டு எண்ணுனேன். வயிறு ஏறுச்சு, ஒண்ணு. எறங்குச்சு, ரெண்டு. ஏறுச்சு, மூணு. எம்பத்தினாலு வந்துச்சு. அவனத் தூக்கிட்டு ஓடுனேன். செருப்பு போடல, சேலை பூராம் பஞ்சு. ஷேர் ஆட்டோவுல என் பக்கத்துல உக்காந்தவரு தும்மிக்கிட்டே வந்தாரு. சிஸ்டர்கிட்ட ஓடி, எம்பத்தினாலு சிஸ்டர், எம்பத்தினாலு சிஸ்டர்னு அழுகுறேன். அவுக நிதானமா எண்ணிப் பாத்துட்டு, சினேகா, இது நாப்பத்திரெண்டும்மான்னாக.

குடோன்ல காய எப்பிடி எண்ணுவன்னு கேட்டாக. எங்க குடோன்ல ஒரு கைக்கு ரெண்டு காய எடுத்துப் போட்டு ஒண்ணும்போம். ஜோடிதான் ஒண்ணு. அப்பிடித்தான் இதும், ஏறி எறங்குனா ஒரு ஜோடி, அதுதான் ஒரு மூச்சுன்னாக. அட, இம்புட்டுத்தானான்னு சட்டுன்னு புரிஞ்சுபோச்சு எனக்கு. அவுக சிரிக்கல. ஓடியாந்ததே நல்லதுதான், சந்தேகம்னா எத்தன வாட்டினாலும் வான்னுதான் சொன்னாக.

சிரிச்சது எங்க ஆளுகதான். பாண்டியம்மாக்கான்னு, எனக்கு எதுத்தாப்புல உக்காந்து காய் ஒடைப்பாக. அடி ஆத்தா, பிள்ளைக்கு மூக்குல ரெண்டு ஓட்ட இருக்குல்ல, அதான் ஓட்டைக்கு ஒண்ணா எண்ணியிருக்கான்னாக. குடோனே உருண்டுச்சு. அன்னையோட என் பேரு போச்சு. ஏ எம்பத்தினாலு, அந்தச் சாக்க இங்கன இழு. எம்பத்தினாலு, டீ வந்துருச்சு. எங்க அத்தைக்குத் தோசை ஊத்தும்போது எத்தன ஊத்தட்டும் அத்தைன்னு கேட்டா, உன் கணக்குக்கு நாலு, ஊர்க் கணக்குக்கு ரெண்டும்பாக. எங்க வீட்டுக்காரரும் சிரிப்பாக. கெட்ட மனசு இல்லக்கா யாருக்கும். சும்மா ஒரு சிரிப்பு.

நீங்களும் சிரிச்சிட்டீக. பரவால்ல. சிரிச்சா உங்க முகம் நல்லாருக்கு.

பிள்ள முனங்குதேக்கா. இல்ல, சும்மா கேட்டேன்.

பெறகு வீரபாண்டித் திருவிழா வந்துச்சு. பிள்ளைக்கு இழுப்பு நின்னுட்டா அக்கினிச்சட்டி எடுக்குறேன்னு எங்க வீட்டுக்காரரு ஆத்தாளுக்கு நேந்திருந்தாக. நடுவுல ஒரு மாசம் அவனுக்கு இழுக்கல. அதுனால விரதம் இருந்து, அன்னைக்குக் காலையில மஞ்சத் துணி கட்டி நிக்காக. குடோன் ஆளுகளும் நாங்களும் சேந்து ஒரு வேன் பிடிச்சிருந்தோம். வேன் வந்து வாசல்ல ஹாரன் அடிக்கிறான். தவசிக்கு முந்துன நாளே சளி. காலையில வாயில பால வச்சா தலையத் திருப்பிக்கிட்டான். எனக்கு மனசு ஒப்பல. பாயில கெடத்தி, போன்ல நிமிசத்த வச்சிட்டு எண்ணுனேன். அறுவத்தாறு.

ஆஸ்பத்திரிக்குப் போயிட்டுப் பெறகு வருவோம்னேன். அவுக சட்டிக்கு வேப்பிலை கட்டிக்கிட்டிருந்தாக. நிமிந்து பாத்து, ஊரு அறுவத்தாறா, உன் அறுவத்தாறான்னு கேட்டாக. வேனுக்குள்ள இருந்து பாண்டியம்மாக்கா, என்னடி எம்பத்தினாலு, இன்னைக்கு நூத்தியெம்பதான்னு சத்தம் போட, வேனே சிரிச்சுச்சு. அப்ப பாதியாக்கு, முப்பத்திமூணுதான, வா வான்னுட்டாக எங்க வீட்டுக்காரரு. முப்பத்திமூணுன்னா ஒண்ணுமில்லையே. நானும் சேலைய எடுத்துச் சொருகிக்கிட்டு ஏறிட்டேன்.

வேன்ல பூராம் விசிலு சத்தம்தான் அவனுக்கு. பாட்டு போட்டிருந்தாக, அதுல யாருக்கும் கேக்கல. எனக்கு மட்டும் நெஞ்சுல உரசுச்சு. அங்கன எறங்குனா, எம்மா, கூட்டம் நெரியுது. புழுதி, புகை, கொட்டுச் சத்தம், ராட்டினத்துல பிள்ளைக கத்துற சத்தம். ஆத்துல குளிச்சிட்டுச் சட்டிய ஏந்திக்கிட்டு வரிசையில நின்னோம். மத்தியானம் இருக்கும். சன்னதிக்கிட்ட வரும்போது அவனுக்குச் சத்தம் நின்னுபோச்சு.

அத்தை கையெடுத்துக் கும்பிட்டாக. பாத்தியாடி, ஆத்தா கண்ணத் தொறந்துட்டா, என் மகன் ஏந்துன நெருப்பு வீண்போகலன்னாக. பிள்ள அசந்து தூங்குறான், வெயிலு படாமத் துண்டப் போத்து, எழுப்பிராதன்னாக. நானும் போத்தித் தோள்ல போட்டுக்கிட்டேன். காலையில கொதிச்ச ஒடம்பு, சில்லுன்னு இருந்துச்சு. நல்லாருச்சுன்னுதான் நெனச்சேன். பாண்டியம்மாக்கா குடை ராட்டினத்துக்குப் பக்கத்துல பிள்ளைக்கு ஒரு கிலுகிலுப்பை வாங்கி என் கையில குடுத்தாக. அத ஆட்டிக்கிட்டே நடந்தேன்.

ஆமாக்கா. அதுக்குப் பெறகு அவனுக்கு இழுக்கவே இல்ல.

இப்பக் காட்டுறீகளா? நல்லாருப்பீக. துண்ட விலக்குங்க, சட்டைய நெஞ்சு வரைக்கும் தூக்குங்க, போதும். பயமா இருந்தா வீட்டுக்குப் போனதும் என் காலடி மண்ண நெனச்சு ரெண்டு மொளகா சுத்திப் போட்டுருங்க. அந்தா செவத்துல கடியாரம் இருக்கு. நொடி முள்ளு ஓடுதுல்ல, அது பன்னெண்டுக்கு வரட்டும். கொஞ்சம் பேசாம இருங்க.

…

அறுவத்திரெண்டு.

இங்கன பாருங்க, விலாவுக்குக் கீழ. ஒவ்வொரு மூச்சுக்கும் குழி விழுகுது, தெரியுதா? மூக்கு வேற விடைக்குது.

பாதியா? முப்பத்தொண்ணா?

இல்லக்கா. இது ஜோடி. ஏறி எறங்குனா ஒண்ணுன்னுதான் எண்ணுனேன். அன்னைக்கும் அப்பிடித்தான் எண்ணுனேன். அறுவத்தாறு அறுவத்தாறேதான், அதப் பாதியாக்கக் கூடாதுன்னு எனக்குத் தெரியும். எம்பத்தினாலுக்குப் பெறகு நான் ஒரு நாளும் தப்பா எண்ணல. அம்புட்டுப் பேரு சிரிக்கையில, இல்ல, இது ஜோடிக் கணக்குன்னு சொல்ல வாய் வரல. வெக்கமா இருந்துச்சு. அம்புட்டுத்தான்.

எந்திரிங்க. டோக்கன் கெடக்கட்டும். துண்ட மறுபடி போத்தாதீக, மூஞ்சி காத்தாட இருக்கட்டும். பையிய எங்கிட்டக் குடுங்க.

தவசியா? ஊர்லதான் இருக்கான்னு சொன்னேன்ல. ஓடைக்கரையில. எட்டு மாசப் பிள்ளைய எரிக்க மாட்டாகள்ல, பொதைச்சிட்டாக. பக்கத்துல ஒரு இலவமரம் நிக்கி. காய் வெடிச்சுச்சுன்னா பஞ்சு அவன் மேலதான் விழுகும். இனி விழுந்தா என்ன.

அழுகாதீக. பிள்ளையப் பிடிங்க நல்லா. வரிசையில நிக்கவுக ஏதாச்சும் சொல்லுவாக, சொல்லட்டும். நீங்க வாயத் தொறக்க வேணாம், நான் கேக்குறேன்.

சிஸ்டர்! ஏங்க சிஸ்டர்! கதவத் தொறங்க! ஏழு மாசப் பிள்ள. காலையில இருந்து பாலு குடிக்கல, நெஞ்சுக்குழி உள்ள வாங்குது. மூச்சு அறுவத்திரெண்டு.

ஆமா, நாந்தான் எண்ணுனேன். எனக்கு நல்லா எண்ணத் தெரியும்.