வலது பக்கத் தையல்

— முடியாதும்மா. இடைவேளை முடியறதுக்குள்ள என் தம்பிகிட்டச் சொல்லியே ஆகணும்.

— சொன்னா எப்படிப் பாடுவார், நஃப்தாலி? அப்பா செத்துட்டார்னு கேட்ட மனுஷன் மேடை ஏறுவாரா?

— ஏறக் கூடாது. அடக்கம் முடியற வரைக்கும் பாட்டு, வாத்தியம் எதுவும் எங்களுக்குக் கூடாது.

— அதைத்தானே நானும் சொல்றேன்! நாற்பதே நிமிஷம். உங்க தம்பி எல்யாக்கிம்தான் தாவீது ராஜா. அவர் இல்லாம, மகன் அப்சலோம் செத்த கதையை யாரை வச்சு முடிக்க? கூட்டுப்பாட்டுக்காரங்க எழுபது பேர், ஞாயித்துக்கிழமை விமானம் ஏறிடுவாங்க. முன் வரிசையில இருமறவருக்குக்கூட மிட்டாய் குடுத்து உக்கார வச்சிருக்கேன். மூணு வருஷமா இந்த ஒரு நாள் பதிவுக்காக நாயா அலைஞ்சேன். இது போச்சுன்னா செத்தேன் நான்... ஐயோ, மன்னிச்சுக்குங்க. வாயில வந்துருச்சு.

— பரவால்ல, கிலா.

— அடக்கம் எத்தனை மணிக்கு?

— ரெண்டரைக்கு. வெள்ளிக்கிழமை இல்லையா, சாயங்காலம் சப்பாத் ஓய்வுநாள் தொடங்கறதுக்குள்ள மண்ணு போட்டாகணும். எருசலேம்ல உடலை ராத்தங்க வைக்க மாட்டோம்.

— இது ஒன்னேகாலுக்கு முடிஞ்சிரும். நானே என் கார்ல கொண்டாந்து விடறேன். சத்தியமா!

— மறைச்சேன்னு தெரிஞ்சா என் மூஞ்சியில முழிப்பானா?

— அப்பாவும் அவரும் பேசி ஏழு வருஷம் ஆச்சாமே.

— எட்டு. ஜெபக்கூடத்துல பாட வேண்டிய தொண்டையை மேடைக்குக் கொண்டுபோயிட்டான்னு அப்பாவுக்கு ஆத்திரம். இவனும் லேசுப்பட்டவனா? தலையில தொப்பி போடறதை விட்டான், சப்பாத்தை விட்டான், எல்லாத்தையும் விட்டான். பாருங்க, உள்ளதைச் சொல்றேன். எனக்குப் பயமே வேற. சொன்னா, "சரி"ன்னுட்டு பாடப் போயிடுவானோன்னுதான் பயம். எங்க துக்க வழக்கப்படி அப்பாவுக்காகச் சட்டையைக் கிழிப்பானான்னே எனக்குத் தெரியல.

— அப்படிச் சொல்லாதீங்க. சட்டை கிழிக்கிற காட்சியைச் சொல்லிக் குடுத்ததே அவர்தான். உடை தைக்கிற அம்மா இடது பக்கம் தையலை இளக்கி வச்சிருந்தாங்க. விடவே இல்லையே மனுஷன்! "மகன் செத்தா அப்பன் வலது பக்கம்தான் கிழிப்பான். இடது பக்கம், நெஞ்சுக்கு நேரா கிழிக்கிறது பெத்தவங்க செத்தா மட்டும்"னு ஒரே பிடி. திரும்ப வலது பக்கம் இளக்கித் தைச்சோம். கிழியற சத்தம் காதைப் பிளக்கக் கூடாதுன்னு நான் மைக்கை இடது பக்கம் குத்தியிருக்கேன்.

— அதெல்லாம் இன்னும் ஞாபகம் வச்சிருக்கானா?

— ஐயோ, மணி அடிச்சாச்சு! மேடைக்கு வந்துட்டார்.

— ஆஸ்பத்திரியில அவன் நம்பரும் குடுத்திருந்தோம். அவங்க கூப்பிட்டிருந்தா?

— கூப்பிட்டிருந்தா இப்படி நிமிர்ந்து நிப்பாரா? இந்தப் பதிவறைக் கண்ணாடி வழியா நீங்களே பாருங்க. பாட்டு முடியட்டும், நஃப்தாலி, கெஞ்சிக் கேக்கறேன்.

— இனிமே நான் வேற என்ன பண்ண முடியும்? கடவுள் என்னை மன்னிக்கட்டும்.

— உக்காருங்க. இந்தாங்க, ஹெட்போன்.

— வேண்டாம். எனக்கும் அப்பாதானே அவர். நான் கேக்கக் கூடாது.

— சரி, ஸ்பீக்கரையும் அணைச்சுட்டேன், ஹெட்போன்ல நான் மட்டும் கேட்டுக்கறேன். தண்ணி குடிங்க.

— எது வரைக்கும் வந்திருக்கு?

— தூதன் ஓடி வர்றான். மகன் செத்த சேதியைச் சொல்லிட்டான்.

— அவன்?

— சும்மா நிக்கறார். இங்க உடனே பாட்டை எடுக்கணுமே... அப்பாடா, எடுத்துட்டார்.

— குரல் எப்படி இருக்கு?

— ஒத்திகையில ஒரு நாள்கூட இப்படிப் பாடல, நஃப்தாலி. இருமறவர்கூட வாயடைச்சுப் போயிட்டார். எனக்கே அழுகை வருது, பாருங்களேன். இப்பக் கிழிக்கணும். கை போகுது... ஐயையோ, என் காது!

— என்னம்மா ஆச்சு?

— மைக்கு பிஞ்சு தொங்குது! போச்சு, எல்லாம் போச்சு! இளக்கித் தைச்ச இடம் அப்படியே முழுசா இருக்கு. புதுத் துணியை வெறுங்கையால கிழிச்சிருக்கார், படுபாவி!

— கிலா... எந்தப் பக்கம்?

— இடது பக்கம்.