மதகுக்கு அடியில் இரண்டு தீக்குச்சி

சனிக்கிழமை காலை, மணி 10.35. நன்னிலத்துக்குத் தெற்கே எங்கள் நடுநிலைப் பள்ளியின் ஆசிரியர் அறை. இருந்தவர்கள் மூவர். ஜன்னலோர மேசையில், ஆறாம் வகுப்புக்கு அறிவியல் நடத்தும் ரோஸ்லின் ஆகிய நான். எனக்கு எதிரே, விடைத்தாள் கட்டுக்குப் பின்னால், தமிழாசிரியை மலர்கொடி. வாசலை ஒட்டிய ஸ்டூலில் ஆட்டோ ஓட்டும் ஜாபிர் பாய். அவர் பதினொரு மணிக்குத் திருவாரூர் போகிறவர். என் கடிதத்துக்காகக் காத்திருந்தார். பீரோவின் மேல், செவ்வாயன்று வட்டார அறிவியல் கண்காட்சியில் முதல் பரிசு வாங்கிய, மதகின் மாதிரி வடிவம் இருந்தது.

கடிதத்தை எழுதி உறைக்குள் போட்டாயிற்று, ஒட்டவில்லை. திங்களன்று நடக்கும் மாவட்டக் கண்காட்சிக்கு, அந்த மதகைச் செய்த மாணவி செம்மொழிக்கு உடல்நலம் இல்லாததால் அவளுக்குப் பதிலாக அபிநயா வருவாள் என்று ஒருங்கிணைப்பாளருக்கு எழுதியிருந்தேன். செம்மொழியின் அப்பா காயாரோகணம், வாய்க்கால் மதகுகளை ஏற்றி இறக்கும் லஸ்கர். ஒட்டுவதற்கு முன் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று ஃபோன் செய்தேன்.

நான் பேசியதை மட்டும் கீழே எழுதியிருக்கிறேன். அவர்கள் பேசியதையும் நானே எழுதினால், அந்தக் குழந்தையின் வேலையில் இரண்டாம் முறையும் கை வைத்ததாகிவிடும்.

ஹலோ… ஹலோ… செம்மொழி அப்பாங்களா?… நான் ஸ்கூல்லேருந்து ரோஸ்லின் டீச்சர் பேசறேன்… ரோஸ்லின்… ஆமாங்க, சயின்ஸ் டீச்சர்… வணக்கம், வணக்கம். தண்ணி சத்தம் ஜாஸ்தியா இருக்கு, கொஞ்சம் தள்ளி வந்து பேசறீங்களா?… ஷட்டர் மேலயா நிக்கிறீங்க? ஐயோ, மொதல்ல எறங்குங்க. நான் இருக்கேன்…

ம்… ம்… இப்பக் கேக்குது.

இல்லல்ல, பயப்படாதீங்க, புகார் ஒண்ணுமில்ல… ஆமா, பரிசு வாங்குன ஃபோட்டோ குரூப்புல போட்டேன்… பாத்தீங்களா?… டீக்கடையில காட்டினீங்களா… எல்லாருக்கும் வடை வாங்கிக் குடுத்தீங்களா… எத்தன பேருக்கு?… பதினாலு பேருக்கா…

நன்றிய விடுங்க, செம்மொழி அப்பா. நீங்க நன்றி நன்றின்னா நான் பேச வந்தத பேச முடியாது.

அவ எப்படி இருக்கா? புதன்கெழமையிலேருந்து வரலயே… வயித்து வலியா… அடடா. ஆஸ்பத்திரிக்குப் போனீங்களா?… ம்… சாப்புடறாளா?… மீன் கொழம்பா… ரெண்டாந்தடவ கேட்டு வாங்கிச் சாப்புட்டாளா… நேத்தும் அப்படியேவா?… அப்ப அது வயித்து வலி இல்லங்க.

சரி, அது இருக்கட்டும். திங்கக்கெழம திருவாரூர்ல கண்காட்சி இருக்குல்ல. அவளுக்கு முடியலன்னா, அபிநயான்னு ஒரு பிள்ள இருக்கா, அதே வகுப்புதான், நல்லாப் பேசுவா, அவள அனுப்பலாமான்னு… என்னது?… சரிங்கிறீங்களா?… டீச்சர் சொன்னா சரியா…

ம்.

இல்லங்க, சட்டுன்னு சரின்னுட்டீங்க. ஏன், எதுக்குன்னு கேப்பீங்கன்னு நெனச்சேன்… இருங்க, இருங்க, வச்சிராதீங்க.

பாய், ஒரு அஞ்சு நிமிஷம். இன்னும் ஒட்டல.

ஹலோ… ஆமா, இருக்கேன். ஒண்ணு சொல்லணும், செம்மொழி அப்பா. நான் முடிக்கிற வரைக்கும் 'பரவால்ல டீச்சர்'னு சொல்லக் கூடாது… பாத்தீங்களா, ஆரம்பிக்கவே இல்ல, சொல்லிட்டீங்க.

வெள்ளிக்கெழம கடைசி பீரியட் செய்முறை வகுப்பு நடத்தறேன்ல… ஆமா, ஐஸ் குச்சி, காலி பாட்டிலு, பலூனுன்னு கேட்டு விடுவேனே, அதான். சின்னச் சின்ன வேலைங்க. காயிதத்துல பாலம் கட்டி அது மேல எத்தன காசு தாங்குதுன்னு பாக்கறது, பலூன் காத்துல ஓடற வண்டி, ஸ்ட்ரா ராக்கெட்டு… நாப்பதே நிமிஷம். நாலு இருபது டவுன் பஸ்ஸ விட்டா பாதிப் பிள்ளைங்க நடந்துதான் போவணும். முப்பத்திரண்டு பிள்ளைங்க. ஒருத்தன் கத்தரிக்கோல நேராப் புடிக்கவே அஞ்சு நிமிஷம் ஆவும். அதனால வாங்கி நானே வெட்டிருவேன். நானே ஒட்டிருவேன். அவங்க சுத்தி நின்னு பாப்பாங்க. அப்பறம் பதிவேட்டுல 'மாணவர்களே செய்தனர்'னு எழுதிக் கையெழுத்துப் போடுவேன்… சிரிக்காதீங்க. ரெண்டு வருஷமா அப்படித்தான் எழுதிக்கிட்டு இருக்கேன்.

செம்மொழி ஒருத்திதான் வீட்டுலயே செஞ்சு கொண்டாந்தா. பைப்ப நெடுக்குல வகுந்து வாய்க்கால், எண்ண டின் தகட்டுல ஷட்டரு, பென்சில்ல நூல் சுத்தி ஏத்தி எறக்கறது… ஓ, தகடு நீங்க வெட்டிக் குடுத்ததா… மத்ததெல்லாம் அவளேவா?… எத்தன நாளு?… ஆறு நாளா.

ஆறு நாளாம், மலர்.

இல்லங்க, இங்க டீச்சர்கிட்ட சொன்னேன்… செவ்வாக்கெழம நடுவர் எங்க மேசைக்கு வர்றதுக்குப் பத்து நிமிஷம் இருக்கு. தண்ணி ஊத்திப் பாத்தா, ஷட்டர எறக்குன பெறகும் அடியில ஒழுகுது. மேச நனையுது, சார்ட்டு நனையுது. பக்கத்து மேச டீச்சர் ஒருத்தங்க சிரிச்சாங்க. எனக்கு மானமே போச்சு. உங்க பொண்ணு, "டீச்சர், அது வந்து…"ன்னு ஆரம்பிச்சா. நான் "டைம் இல்லம்மா, தள்ளு"ன்னேன். ஒண்ணு, அடியில ஒட்டியிருந்த பிசினெல்லாம் சொரண்டினேன். ரெண்டு, சைக்கிள் ட்யூப வெட்டி வச்சேன். மூணு, சுத்தி எம்சீல் போட்டு அடச்சேன். இப்ப பீரோ மேல இருக்கு, கல்லு மாரி.

பரிசு அதுக்குத்தான் வந்துச்சு. பேரு அவளுக்கு, வேல என்னுது. அவ வயித்து வலிக்குக் காரணம் அதாத்தான் இருக்கும்.

…இல்லங்க, 'டீச்சர் நல்லதுக்குத்தான செஞ்சீங்க'ன்னு சொல்லாதீங்க. கொஞ்சம் திட்டுங்க…

என்ன?… பிசின மட்டுமா எடுத்தேன்னா?… அதுல குப்ப ஒட்டியிருந்துச்சு… ஆமா, தீக்குச்சிதான். ரெண்டு. ஷட்டர் எறங்கற காடியில, இந்தப் பக்கம் ஒண்ணு, அந்தப் பக்கம் ஒண்ணு… அடியிலதான்… பிச்சுப் போட்டுட்டேன்…

ஹலோ?… செம்மொழி அப்பா?… லைன்ல இருக்கீங்களா?… என்னது… அது குப்ப இல்லயா?

ம்… சொல்லுங்க…

நீங்க எறக்கறப்பவா… ரெண்டு வெரக்கட எடம் விட்டு… முழுசா எறக்கறதே இல்லயா?… ம்… முறை மாறி மேல தண்ணி கட்டினாலும்… கீழ இருக்கிறவங்களுக்கு… மாடு குடிக்க… நாத்தங்கால் காஞ்சு போவாம… ஓ, ரெண்டு ஊரும் ஒக்காந்து பேசி வச்சதா… அதனால ரெண்டு பக்கக் காடியிலயும் மரக்கட்ட வச்சிருக்கீங்க… ஷட்டர் அது மேல வந்து உக்காரும், அதுக்குக் கீழ எறங்காது…

அதத்தான் அவ தீக்குச்சியில வச்சிருக்கா.

ஆண்டவரே.

…ஒரு நிமிஷம் இருங்க.

…இல்ல, அழல. சளி.

அப்ப அது ஒழுகலங்க. அவ வேணும்னு விட்ட தண்ணி அது. நான் நடுவர்கிட்ட என்ன சொன்னேன் தெரியுமா? "ஒரு சொட்டு கீழ போவாது சார், பாருங்க"ன்னு சொன்னேன். தகட்டத் தட்டித் தட்டிக் காட்டினேன். அவரு கை தட்டினாரு. உங்க பொண்ணு என் பக்கத்துலயே நின்னுச்சு. உங்க வீடே ஷட்டருக்குக் கீழதான இருக்கு… கடைமடைப் பிள்ளைய பக்கத்துல நிக்க வச்சுக்கிட்டு, ஒரு சொட்டு கீழ போவாதுன்னு…

அபிநயா போவ வேணாங்க. நான் கேட்டதே தப்பு. அவகிட்ட ஃபோனக் குடுங்க… எங்க இருக்கா?… கரையிலயா… கூப்புடுங்க… வர மாட்டேங்கிறாளா?… சரி, ஸ்பீக்கர்ல போட்டுப் பக்கத்துல எடுத்துட்டுப் போங்க.

பாய், அந்தக் கவர இப்படிக் குடுங்க… இல்ல, அது போவல, வேற எழுதணும்… பதினொண்ணுன்னு தெரியும் பாய். பத்து நிமிஷத்துல திருவாரூர் எங்கயும் ஓடிராது.

செம்மொழி?… டீச்சர்மா… ம்னாவது சொல்லு… சரி, சொல்ல வேணாம். கேட்டா போதும்.

உன் தீக்குச்சிய நான் பிச்சது தப்பு. அது என்னன்னு கேக்காமப் பிச்சது அதவிடத் தப்பு. நீ சொல்ல வந்தப்ப டைம் இல்லன்னேன் பாரு… எனக்கு டைம் இருந்துச்சும்மா. பத்து நிமிஷம் இருந்துச்சு. நீ சொல்றதுக்கு அர நிமிஷம் ஆயிருக்குமா?…

என்ன?… இருபது செகண்டா. சரி. இருபது செகண்டு.

அதான், திங்கக்கெழம நீதான் வரணும்… ஆமா, அது உன்னுது இல்ல, என்னுது. அது இங்க பீரோ மேலயே கெடக்கட்டும். உன்னோடத நீ மறுபடி செய்யணும். ஆறு நாளு இல்ல, எனக்கும் தெரியும். நாளைக்கு ஒரு நாளுதான் இருக்கு. பைப்பு மிச்சம் இருக்கா?… இருக்கா! தகட அப்பா வெட்டிக் குடுப்பாரு. எவ்ளோ நேரம் வேணும்?… எனக்காகக் கொறச்சுச் சொல்லாத… மூணு மணி நேரம். சரி. நான் காலப் பூச முடிஞ்சதும் நேரா வந்துர்றேன்…

நான் எதுக்கா?… தண்ணி மொண்டு ஊத்த ஒரு ஆளு வேணாமா… தொட மாட்டேன்… கத்தரிக்கோலையும் தொட மாட்டேன்… கையக் கட்டிக்கிட்டா?… கையக் கட்டி, வாய் மேல விரலா? ரெண்டையும் எப்படிடி ஒண்ணாச் செய்யறது?… நாங்க மட்டும் செய்யலயான்னு கேக்கறியா… சரி. சரிம்மா, செய்யறேன். மலர், நீ சிரிச்சது போதும்.

நடுவர் ஒழுகுதேன்னு கேட்டா?… நீதான் சொல்லணும். நான் வாயத் தொறக்க மாட்டேன்… தெரியாதும்மா. பரிசு வந்தாலும் வரும், வராமலும் போவலாம். முன்ன குடுத்தத திருப்பிக் கேட்டாலும் கேப்பாங்க. அது என்னாலதான், உன்னால இல்லன்னு இப்பவே எழுதிர்றேன்… இல்ல, அப்பா வாங்கிக் குடுத்த வடைய யாரும் திருப்பிக் கேக்க மாட்டாங்க…

வருவதான?… ம். அந்த ஒரு 'ம்' போதும்.

தீக்குச்சி நான் வாங்கிட்டு வர்றேன். ஒரு பெட்டி… வேணாமா… ரெண்டு போதுமா. சரி. ரெண்டு.

ஆங், செம்மொழி அப்பா, சொல்லுங்க… ஆபீஸ்லேருந்தா?… முறை மாத்தச் சொல்றாங்களா… எறக்கப் போறீங்களா, போங்க, போங்க. பாத்து ஏறுங்க. எறக்கறப்ப அந்த ரெண்டு வெரக்கட… ஐயோ, உங்களுக்கே நான் சொல்றேன் பாருங்க… ஹலோ?… ஹலோ?… செம்மொழி அப்பா?…

லைன் கட்டாகிவிட்டது. பழைய கடிதத்தை நான்காகக் கிழித்துக் கூடையில் போட்டேன். மலர்கொடி தன் விடைத்தாள் கட்டிலிருந்து ஒரு வெள்ளைத் தாளை உருவி நீட்டினாள். புதிய கடிதம் இவ்வளவுதான்:

"ஒருங்கிணைப்பாளர் ஜெரால்ட் சார் அவர்களுக்கு, வணக்கம். வட்டாரக் கண்காட்சியில் முதல் பரிசு பெற்ற மதகு மாதிரியின் அடியை அடைத்தவள் நான். மாணவி செம்மொழியைக் கேட்காமல் அடைத்தேன். பரிசு பற்றித் தாங்கள் எடுக்கும் முடிவுக்குக் கட்டுப்படுகிறேன். திங்களன்று அவளே செய்த மாதிரியுடன் அவளே வருவாள். மூடிய பிறகும் அதன் அடியில் தண்ணீர் போகும்; போக வேண்டும். காரணத்தை அவள் சொல்வாள். மாணவருக்கு உள்ள மூன்று நிமிடத்துடன், வழிகாட்டி ஆசிரியருக்கு உள்ள இரண்டு நிமிடத்தையும் அவளுக்கே தரக் கேட்டுக்கொள்கிறேன். மேசைக்கு அடியில் ஒரு வாளி தேவைப்படும். இங்ஙனம், ரோஸ்லின்."

ஒருமுறை படித்துப் பார்த்தேன். 'கேட்காமல்' என்ற சொல்லின் கீழ் கோடு போட்டேன். மடித்து உறையில் போட்டு, பசை தடவி, ஓரத்தைக் கட்டைவிரலால் அழுத்தி ஒட்டினேன். ஜாபிர் பாய் அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு எழுந்தார். வாசல்வரை போனவரைக் கூப்பிட்டு, பீடி பற்றவைக்க வைத்திருக்கும் பெட்டியிலிருந்து இரண்டு தீக்குச்சி கேட்டேன். எண்ணித் தந்தார்.

மணி 11.14. ஆட்டோ கிளம்பியது.