கைக்குட்டைக்கு அடியில் இருந்த வலி

அவைக்குத் தலைமை தாங்கும் ஆஸ்பத்திரி இயக்குநரும், இரும்பு அலமாரிச் சாவியை இடுப்பிலேயே வைத்திருப்பவருமான டாக்டர் ஸஃப்வத் அவர்களே. முழங்கால் வலியோடு வந்து முன்வரிசை முழுவதையும் பிடித்துக்கொண்ட பெரியவர்களே. மின்விசிறிக்கு நேர் கீழே இடம் பார்த்து அமர்ந்த அறிவார்ந்த தாய்மார்களே. பேச்சுக்காக அல்ல, பின்கட்டில் குளிரவைத்திருக்கும் செம்பருத்திச் சர்பத்துக்காக வந்திருக்கும் என் வயதுக் கழுதைகளே. உங்கள் அனைவர் மீதும் சாந்தி உண்டாகட்டும்.

நான் ஸக்லூல். தச்சன். நான்காம் வகுப்பு வரை படித்தவன்; அதில் மூன்றாம் வகுப்பை இரண்டு முறை படித்தவன். தீராத நோய் கண்டவர்களின் வலி தீர்க்க ஆறு கட்டில்கள் போட்டு இன்று ஓர் அறை திறக்கிறார்கள். கட்டில் செய்தவன் நான் என்பதால், நாலு வார்த்தை வாழ்த்து என்றார்கள். வாழ்த்தத்தான் வந்தேன். வாசலில் ஒரு பலகை பார்த்தேன், வாழ்த்து வாய்க்குள்ளேயே வற்றிவிட்டது. ‘வலி மருந்து அலமாரி வியாழன் நண்பகல் மூடப்படும், ஞாயிறு காலை திறக்கப்படும்.’

வலிக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை உண்டா? வியாழன் மதியம் ஆனதும் வலி செருப்பை மாட்டிக்கொண்டு மாமியார் வீட்டுக்குப் போய்விடுமா?

யாரது பின்னால், சீக்கிரம் முடி என்பது? சர்பத் ஓடிப்போகாது, உட்கார்.

என் தந்தை செத்தபோது இந்த ஊரில் ஆஸ்பத்திரி இல்லை. கசகசாக் காய் வேகவைத்த தண்ணீர் ஒரு மிடறு, ஓதி ஊதிய தண்ணீர் ஒரு மிடறு, அவ்வளவுதான். மருந்தே இல்லாத ஊரில் மனிதன் துடித்தால், விதி என்று சொல்லலாம். மருந்து பன்னிரண்டு அடி தூரத்தில் இருந்தும் மனிதன் துடித்தால், அதற்கு என்ன பெயர்? படித்தவர்கள் சொல்லுங்கள்.

மித்வல்லியை உங்களுக்குத் தெரியும். நாற்பது வருடம் ஒரே ரம்பத்தின் ஒரு முனையை அவன் பிடித்தான், மறுமுனையை நான் பிடித்தேன். போன குளிர்காலத்தில் அவன் முதுகெலும்பில் ‘அது’ வந்தது. நம் வீடுகளில் அதன் பெயரைச் சொல்வோமா? சொன்னால் நாக்கு வெந்துவிடுமே. அவனிடம் வாயு என்றோம். கோடை வந்தது, அவன் மகள் நஜாத்துக்குத் திருமண ஒப்பந்தம், வெள்ளிக்கிழமை, ஜும்ஆ தொழுகை முடிந்ததும். தகப்பன் நிமிர்ந்து உட்கார்ந்து, மாப்பிள்ளையின் கையைப் பிடித்து, மேலே வெள்ளைக் கைக்குட்டை விரிக்க, ‘கொடுத்தேன்’ என்று சொல்ல வேண்டும். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் அவன் உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

முந்தைய நாள், வியாழன் காலை, அவனை இங்கே தூக்கி வந்தோம். அன்று முறையில் இருந்த டாக்டர் ஒருவர் சீட்டு எழுதினார். அடியில் அந்த நோயின் பெயர். வெளியே பெஞ்சில் கிடக்கும் மித்வல்லியோ எந்தக் காகிதத்தையும் பிடுங்கிப் படிப்பவன். நான் என்ன செய்தேன்? காதில் செருகியிருந்த தச்சுப் பென்சிலை எடுத்து, அந்தப் பெயரைக் கறுகறுவென்று பூசி அழித்தேன். ஐந்து வருடப் படிப்பில் நான் கண்ட பயன் அதுதான்.

மருந்து கொடுக்கும் தம்பி சீட்டைத் தூக்கிப் பார்த்தார். “என்ன மாமா, சீட்டுல தார் ஊத்திருக்கீங்க?”

“மருந்து பேரு தெரியுதுல்ல தம்பி. அதைக் குடு.”

“நோய் பேரை அழிச்ச சீட்டுக்கு இதைக் குடுத்தா என்னை உள்ள வச்சிருவாங்க. டாக்டர்கிட்ட வேற சீட்டு வாங்கியாங்க.”

ஓடினேன். டாக்டர் கார் ஏறிப் போயிருந்தார். திரும்பி வந்தபோது நண்பகல் ஆகிவிட்டது.

“அப்ப ஞாயித்துக்கிழமை வாங்க மாமா.”

“அதுவரைக்கும் வலிக்கு என்ன சொல்றது?”

“பொறுமையா இருக்கச் சொல்லுங்க. பொறுமைக்குக் கூலி உண்டு.” சொல்லிவிட்டு அலமாரியைப் பூட்டி, சாவியை இயக்குநரிடம் கொடுக்கப் போய்விட்டார்.

பொறுமை. பல் வலித்தால் பக்கத்து வீட்டையும் எழுப்புகிற நாம், முதுகெலும்பு நொறுங்குகிறவனுக்குப் பொறுமை சொல்கிறோம். கொடுக்க வேண்டியதைக் கொடுக்காதவன், பொறுமையை மட்டும் வாரி வாரிக் கொடுக்கிறான்.

மித்வல்லி பெஞ்சில் இருந்தபடியே சீட்டைப் பிடுங்கினான். “என்னத்தடா அழிச்ச? புத்துநோயா? எனக்குக் குளிர்காலத்துலயே தெரியும்டா. நீங்கள்லாம் அழுவீங்களேன்னுதான் வாயுவை நம்புற மாதிரி நடிச்சேன்.” சிரிக்கப் பார்த்தான், வலி விடவில்லை. “நாப்பது வருஷமா பென்சில் கோட்டை விட்டு வெளியவே அறுத்த. இன்னிக்கு ஒருநாள்தான் கோட்டு மேலயே கையை வச்சிருக்க.”

வெள்ளிக்கிழமை ஆறு தலையணை அணைகொடுத்து உட்கார வைத்தோம். பதிவாளர் ஓத ஓத, அவன் தாடியிலிருந்து வேர்வை கம்பளத்தில் சொட்டியது. ‘கொடுத்தேன்’ என்றான், பாதிதான் கேட்டது. கைக்குட்டையை எடுத்தால் மாப்பிள்ளை ரிஃபாஅத்தின் நாலு விரலும் நீலம். அந்தப் பிள்ளை பெருமையாகக் காட்டுகிறான்: “மாமாவுக்கு என் மேல எவ்ளோ பாசம், பாத்தீங்களா?” பெண்கள் குலவையிட்டார்கள். அந்தப் பிடியில் இருந்தது பாசம் மட்டுமா, ஐயா? பூட்டிய அலமாரி முழுதும் அந்தப் பிடியில் இருந்தது. என் பென்சிலும் இருந்தது.

ஞாயிறு காலை வரை அவன் காத்திருக்கவில்லை. சனிக்கிழமை மதியம் போய்விட்டான்.

தாய்மார்களே, பாதிக் குற்றம் என்னுடையது, அதை யாருக்கும் விட்டுத்தர மாட்டேன். நோயின் பெயரை அழிக்காதீர்கள். அழித்தால் நோய் அழியாது, மருந்துதான் அழியும். படுத்திருப்பவருக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும்.

மீதிப் பாதி தலைவருடையது. கைக்கடிகாரத்தைப் பார்க்காதீர்கள் டாக்டர், இன்று புதன்கிழமை, இன்னும் நேரம் இருக்கிறது. இன்னொரு சாவி, வெள்ளியும் சனியும் சீட்டு எழுத ஒரு டாக்டர். இரண்டே இரண்டுதான் கேட்கிறேன். என் ஆறு கட்டிலிலும் நாளை ஆள் படுக்கப்போகிறார்கள். பூட்டுக்குப் பக்கத்தில் துடிப்பதற்கா நான் தேக்கு இழைத்தேன்?

இதோ வெள்ளைக் கைக்குட்டை. என் பேத்தி துவைத்தது, சுத்தம்தான். எழுந்து வாருங்கள். சபை பார்க்கட்டும்.

வருகிறார். கை தட்டாதீர்கள், இன்னும் வார்த்தை வரவில்லை.

கையைக் கொடுங்கள் டாக்டர். பயப்படாதீர்கள், நான் மித்வல்லி அளவுக்கு இறுக்கமாட்டேன். ‘கொடுத்தேன்’ என்று சொல்லுங்கள். முழுதாகச் சொல்லுங்கள், கடைசி வரிசைக்கும் கேட்கட்டும்.

கேட்டதா? நீங்கள் அத்தனை பேரும் சாட்சி. பொறுத்துக் கேட்ட உங்களுக்கு நன்றி. வலியில்லாத வெள்ளிக்கிழமை எல்லோருக்கும் வாய்க்கட்டும். போய்ச் சர்பத் குடியுங்கள். இந்தக் கையை மட்டும் நான் இன்னும் கொஞ்ச நேரம் பிடித்திருக்கிறேன்.